ஹாஷியாவும் எழுத்தின் அளவும்

தஃப்ஸீர் ஜலாலைன் பாடத்தின்போது சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குவோம். ஸூரத்துல் ஹஜ்ஜின் 52ஆம் வசனத்துக்கு இமாம் ஜலாலுத்தீன் மஹல்லீ (வஃபாத் ஹி. 864 / கி.பி. 1459) எழுதிய விளக்கத்தை மாணவர் ஒருவர் வாசித்தார். ‘கரானீக்’ என்று பெயர் பெற்ற கதை அங்கே எடுத்தாளப்பட்டிருக்கிறது. மாணவர் அதைத் தங்கு தடையின்றி வாசித்து, பொருளும் கூறி, அடுத்த வசனத்துக்குச் சென்றுவிட்டார். அக்கதையை முஹக்கிக்குகள் ஏற்கவில்லை என அதே பக்கத்தின் ஓரத்தில் சாய்வாக எழுதப்பட்டிருந்த குறிப்பு அவர் கண்ணில் படவேயில்லை.

“ஹாஷியாவைப் பார்க்கவில்லையா?” என்று கேட்டோம்.

“எழுத்துத் தெரியவில்லை உஸ்தாத்” என்றார்.

இருபது வயது வாலிபரின் கண்! கிதாபை வாங்கிப் பார்த்தோம். ஐம்பதைக் கடந்த நம் கண்ணுக்கோ அங்கே எறும்புச் சாரைதான் தெரிந்தது. காழீ இயாழ் (வஃபாத் ஹி. 544 / கி.பி. 1149) தம் ‘அஷ்ஷிஃபா’வில் விரிவாக எழுதி மறுத்த ஒரு கதை பெரிய எழுத்தில் நிற்கிறது, மறுப்போ பொடி எழுத்தில் ஓரத்தில் கிடக்கிறது. மாணவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஓரக்குறிப்பு ஏன் இவ்வளவு சிறுத்தது என்ற கேள்வியே மனத்தில் தங்கியது.

‘ஹாஷியா’ என்ற சொல்லுக்கு ஆடையின் கரை என்பது ஆதிப் பொருள். மூல நூல் மத்ன். அதன் விரிவுரை ஷரஹ். அவ்விரிவுரையின் மீதோ மூலத்தின் மீதோ ஓரத்தில் எழுதப்படுவது ஹாஷியா. ஓரத்தில் பிறந்த இக்குறிப்புகளே பின்னர்த் திரட்டப்பட்டுத் தனி நூல்களாயின. ஜலாலைனுக்குச் சுலைமான் அல்ஜமல் (வஃபாத் ஹி. 1204 / கி.பி. 1790), அஹ்மத் அஸ்ஸாவீ (வஃபாத் ஹி. 1241 / கி.பி. 1825) ஆகியோர் எழுதிய ஹாஷியாக்கள் பல பாகங்களாக விரிந்தமை நம் வாசகர் அறிந்ததே.

எழுத்தின் அளவைப் பற்றி முன்னோர் அலட்சியமாக இருந்தவர் அல்லர். எகிப்தின் அரசாங்க எழுத்தரான அல்கல்கஷந்தீ (வஃபாத் ஹி. 821 / கி.பி. 1418) தம் ‘ஸுப்ஹுல் அஃஷா’வில் எழுதுகோல்களின் அகலத்தைக் குதிரை மயிரால் அளந்து காட்டுகிறார். மிகப் பெரிய ‘தூமார்’ எழுதுகோலின் அகலம் 24 மயிர். அதில் மூன்றில் ஒன்றான ‘ஸுலுஸ்’ 8 மயிர். அந்த வரிசையின் கடைசியில் ‘குபார்’, அதாவது தூசி எனப்படும் எழுத்து இருக்கிறது. புறாக்கள் சுமந்து செல்லும் செய்திச் சீட்டுகளுக்கானது அது. எழுத்துப் பொடியானதற்குக் காரணம் செய்தியின் சிறுமையன்று. சுமக்கும் பறவையின் சிறுமையே.

ஹதீஸ் கலையினர் இதைச் சட்டமாகவே வகுத்தனர். இப்னுஸ் ஸலாஹ் (வஃபாத் ஹி. 643 / கி.பி. 1245) தம் ‘முகத்திமா’வில், தக்க காரணமின்றி நுண்ணிய எழுத்தில் எழுதுவது வெறுக்கத்தக்கது என்கிறார். அவர் ஏற்கும் காரணங்கள் இரண்டு: காகிதத்தில் இடம் போதாமை, பயணம் செல்வோர் சுமையைக் குறைக்க வேண்டியிருத்தல். இமாம் அஹ்மத் பின் ஹன்பல் (ரஹ்), தம் தந்தையின் உடன்பிறந்தார் மகனான ஹன்பல் பின் இஸ்ஹாக் பொடி எழுத்தில் எழுதுவதைக் கண்டு தடுத்தார்கள். மிகவும் தேவைப்படும் நேரத்தில் அவ்வெழுத்து உம்மைக் கைவிட்டுவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். இளமையில் எழுதியவரே முதுமையில் அதைப் படிக்க வேண்டியவர் என்பதை இமாமவர்கள் நினைத்திருக்க வேண்டும். குர்ஆனைப் பொறுத்தவரை பேணுதல் இன்னும் அதிகம். மெல்லிய எழுதுகோலால் எழுதிய முஸ்ஹஃபை ஒருவரிடம் கண்ட உமர் (ரலி) அவர்கள் அதை வெறுத்துக் கண்டித்ததாக அபூஉபைதின் அறிவிப்பை ஸுயூத்தீ ‘அல்இத்கா’னில் எடுத்துத் தருகிறார்.

ஓரத்தில் எழுதுவோருக்கான ஒழுங்குகளும் உண்டு. அவற்றை வாசிக்குந்தோறும் நமக்கு வியப்பு மிகுகிறது. விடுபட்ட சொல்லை ஓரத்தில் சேர்ப்பவர், வரியிலிருந்து பக்கத்தின் மேற்புறம் நோக்கி எழுதிச் செல்ல வேண்டும், கீழ்நோக்கி இறங்கலாகாது. ஏனெனில் கீழ் வரிகளிலும் விடுபட்டவை இருக்கலாம். அவற்றுக்கும் இடம் வேண்டும். பத்ருத்தீன் இப்னு ஜமாஆ (வஃபாத் ஹி. 733 / கி.பி. 1333) ஓரத்தை எழுதி எழுதிக் கறுப்பாக்கிவிட வேண்டாம், நூலோடு தொடர்புள்ள முக்கியக் குறிப்புகள் போதும், வரிகளுக்கு இடையில் எழுதுவதை விட்டுவிடுவதே மேல் என்கிறார். ஒரு பிரதி பல கைகளுக்குப் போகும். தமக்குப் பின் வருபவர்க்கும் ஓரம் வேண்டும் என்ற எண்ணம் இவ்விதிகளில் தெரிகிறது.

இதற்கு மேலான உதாரணம் ஷரஃபுத்தீன் அல்யூனீனீயின் (வஃபாத் ஹி. 701) புகாரீ பிரதி. திமிஷ்கில் அறிஞர்கள் கையில் பிரதிகளுடன் கூடியிருக்க, யூனீனீ வாசிக்க, ‘அல்ஃபிய்யா’ தந்த இலக்கண மேதை இப்னு மாலிக் (வஃபாத் ஹி. 672 / கி.பி. 1274) மொழியைச் சரிபார்க்க, 71 மஜ்லிஸ்களில் அவ்வேலை நடந்தது. பிரதிகளின் வேறுபாடுகளுக்கு முழுப் பெயர் எழுதினால் ஓரம் நிரம்பிவிடும். எனவே அஸீலீயின் பிரதிக்கு ‘ஸாத்’ என்பது போல ஓரிரு எழுத்துகளே குறியீடாயின. சொல்லைச் சுருக்கினார்கள், எழுத்தைச் சுருக்கவில்லை. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆணையால் ஹிஜ்ரி 1311 முதல் 1313 வரை கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் வெளிவந்த புகாரீ, அவ்வோரத்தை அச்சுக்குக் கொண்டுவந்தது.

பூலாக் அச்சகம் 1820இல் தோன்றியது. ஈய எழுத்துகளைச் சாய்த்து அடுக்குவது எளிதன்று. ஆகவே எகிப்தியர் ஓரத்தைக் கோடிட்டுப் பிரித்து, காகிதத்தை வீணாக்காமல் வேறொரு நூலையே அதில் குடியேற்றினர். கஸ்தல்லானீயின் புகாரீ விரிவுரையின் ஓரத்தில் நவவீயின் முஸ்லிம் விரிவுரை ஓடுகிறது. நம் ஷாஃபிஈ சகோதரர்கள் அறிந்த ‘இஆனத்துத் தாலிபீன்’ இன்னும் சுவையானது. பொன்னானி ஸைனுத்தீன் மக்தூமின் ‘ஃபத்ஹுல் முஈன்’ மூலம். மக்காவின் ஸையித் பக்ரீ எழுதியது அதன் ஹாஷியா. அச்சிலோ ஹாஷியா நடுவில் அமர்ந்தது. மூலம் ஓரத்துக்குப் போனது. மலபார் ஆலிமின் தகுதி அதனால் குறைந்ததாக எவரும் எண்ணவில்லை.

இந்தியாவில் வழி வேறு. ஸெனஃபெல்டர் 1796இல் ஜெர்மனியில் கண்டுபிடித்த கல்லச்சு இங்கே காதிபின் கையெழுத்தை அப்படியே அச்சேற்றியது. நம் அரபுத் தமிழ் நூல்கள் பலவும் கல்லச்சில் வந்தவையே. ஹாஷியா சாயலாம், வளையலாம், வரிகளுக்கு இடையிலும் புகலாம். அஹ்மத் அலீ ஸஹாரன்பூரீ (வஃபாத் ஹி. 1297 / கி.பி. 1880) டில்லியில் பதிப்பித்த புகாரீயின் ஓரங்கள் அவ்வாறு நிரம்பியவை. அதன் கடைசிப் பகுதிக்கு ஹாஷியா எழுதியவர் மௌலானா காஸிம் நானூத்தவீ (வஃபாத் 1880). ஒரே ஓரத்தில் இரு பெரியார்களின் உழைப்பு!

அக்கால காதிப் பெரிய தாளுக்கென எழுதினார். பின்னர்ப் புகைப்பட முறையில் மறுபதிப்புச் செய்தவர்கள் தாளைக் குறைத்தனர், எழுத்தும் குறைந்தது. நம் உஸ்தாத் ஓதிய பழைய பிரதியையும் இன்று மாணவர் வாங்கும் பிரதியையும் அருகருகே வைத்தால் வேறுபாடு விளங்கும். பழையதில் ஹாஷியாவின் நுக்தாக்கள் தனித்தனியே நிற்கின்றன. புதியதில் இரண்டு ஒன்றாகின்றன, ஒன்று மறைகிறது. ஜீமுக்கும் ஹாவுக்கும் காவுக்கும் புள்ளியைத் தவிர வேறு அடையாளம் ஏது? காகித விலையை நாம் அறியாதவர் அல்லர்; வெளியிடுவோரின் சிரமமும் தெரியும். ஆயினும் இப்னுஸ் ஸலாஹ் ஏற்ற இரு காரணங்களில் எது இங்கே பொருந்துகிறது என்று கேட்கத் தோன்றுகிறது. கணினியில் எழுத்துக் கோத்து ஹாஷியாவைப் பக்கத்தின் அடியில் தெளிவாகத் தரும் பதிப்புகள் கராச்சியிலிருந்தும் பெய்ரூத்திலிருந்தும் வந்திருக்கின்றன. அவற்றை வாங்கும் வசதி எல்லா மாணவர்க்கும் வாய்ப்பதில்லை.

அந்த மாணவர் மறுநாள், பக்கத்தைப் பெரிதாக்கி நகலெடுத்துக்கொண்டு வந்தார். எழுத்துத் துலக்கமாக இருந்தது. ஆனால் நகல் இயந்திரத்தின் விளிம்பில் சாய்வு வரிகளின் முனைகள் வெட்டுப்பட்டிருந்தன. உஸ்தாதின் பழைய பிரதியை எடுத்துக் கொடுத்தோம். வகுப்பு முடிந்தபின் உட்கார்ந்து, விடுபட்ட எழுத்துகளை அவர் தம் பேனாவால் நிரப்பினார். எழுத்தைப் பெரிதாகவே எழுதினார்.