சுரங்கக் கழிவுமேடுகளில் பசுமை மீட்பு

கனிமம் எடுக்கத் தோண்டிக் கொட்டிய மண், பாறை, கழிவு ஆகியவற்றின் மேல் செடிகொடிகளை மீண்டும் நிலைபெறச் செய்யும் பணி. மரம் நடுவது இதன் கடைசிக் கட்டம். அதற்கு முன் மண்ணுக்கு உயிர் வர வேண்டும்.

இத்துறைக்கு அறிவியல் அடித்தளம் இட்டவர்களுள் பிரிட்டனின் ஏ. டி. பிராட்ஷா முதன்மையானவர். ஈயமும் செம்பும் ஏறிய பழைய கழிவுமேடுகளில் தாமாக முளைத்த புற்கள் அந்த நஞ்சைத் தாங்கும் இயல்பைப் பரம்பரையாகப் பெற்றிருந்ததை அவரும் உடன் ஆய்ந்தோரும் காட்டினர். பின்னர் அத்தகைய புல்வகைகளே கழிவுமேடுகளில் விதைக்கப்பட்டன. கழிவுமேட்டின் ஆபத்து நஞ்சு மட்டுமன்று: 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸின் அபர்ஃபானில் நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து 144 பேர் மாண்டனர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். அந்தத் துயரத்துக்குப் பின், 1969இல் பிரிட்டன் கழிவுமேடுகளின் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

தமிழ்நாட்டில் இப்பணி பெரிய அளவில் நடந்த இடம் நெய்வேலி. 1956இல் அங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அகற்ற வேண்டியிருப்பதால், சுரங்கத்தோடு மண்மேடும் வளர்ந்தது. ஆழத்திலிருந்து வந்த அந்த மண்ணில் மட்கும் தழைச்சத்தும் மிகக் குறைவு, நுண்ணுயிர்களும் அரிது. மழை பெய்தால் அரித்து ஓடும், வெயிலில் இறுகும். எனவே மேட்டைச் சமன் செய்து, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் பயிர்களை மடக்கி உழுது, தொழுவுரமும் நுண்ணுயிர் உரமும் இட்டார்கள். பழுப்பு நிலக்கரியிலிருந்தே பிரித்த ஹியூமிக் அமிலமும் மண்ணைத் தேற்றப் பயன்பட்டது. அதன் பிறகே சவுக்கும் முந்திரியும் வேரூன்றின; சில பகுதிகளில் நெல்லும் விளைந்தது. தொடக்க காலத்தில் விரைந்து வளரும் அயல் மரங்களுக்குத் தந்த முதலிடம் பசுமையைச் சீக்கிரம் காட்டியது, காட்டை அல்ல.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்கு இது அயல் செய்தியன்று. ராஜபாளையத்தின் பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1957இல் தொடங்கிய சிமெண்ட் நிறுவனத்துக்குச் சுண்ணாம்புக்கல் தரும் பந்தல்குடி, இதே விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து வேருக்கு எட்டாது, இலை வெளுக்கும். இந்த மாவட்டத்தில் தோண்டி விட்ட நிலம் எதுவானாலும் சீமைக்கருவேல் தானே ஏறிக்கொள்ளும். அதை மீட்பு என்று கணக்கில் சேர்ப்பது தவறு. வறட்சிக்குப் பழகிய குடைவேலும் வெள்வேலும் உசிலையும் இம்மண்ணின் மரங்கள். தேர்வு அங்கிருந்து தொடங்க வேண்டும்.

இந்தியாவில் 2017 வரை நடப்பில் இருந்த 1988ஆம் ஆண்டின் கனிமப் பாதுகாப்பு விதிகள், மேலடுக்கு வளமண்ணைத் தனியே எடுத்துவைத்து நிலச் சீரமைப்புக்குப் பயன்படுத்தச் சொல்லின. அவற்றில் மிகப் பயனுள்ள விதி இதுவே: அம்மண்ணில் உறங்கும் விதைகளை எந்த நாற்றங்காலும் ஈடுசெய்யாது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சுரங்கம் முடிந்த நிலத்தில் கால்நடைத் தீவனத்துக்கு உகந்த புல்லை வளர்ப்பதைக் குத்தகை நிபந்தனையாக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.