வானில் நிலைத்த கண்

1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினம் அருகே கரையேறிய புயல் உள்நாட்டையும் விட்டுவைக்கவில்லை. அம்மாத வெள்ளத்தில் வேடசந்தூர் அருகே குடகனாற்று அணை உடைந்தது. கடலுக்கு வெகுதொலைவில் இருக்கும் திண்டுக்கல் பேகம்பூர் மக்களுக்கும் வங்கக்கடல் மேகம் அயலானதன்று.

அந்நாளிலும் மேகப் படங்கள் கிடைத்தன. ஆனால் துருவங்களைக் கடந்து சுற்றும் செயற்கைக்கோள் ஒன்று, ஓரிடத்தை நாளொன்றுக்கு இருமுறையே காணும். இடையில் புயல் திசை திரும்பினால் என்ன செய்வது? நிலநடுக்கோட்டுக்கு மேல் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் சுற்றும் கோளோ, பூமியின் சுழற்சிக்கு ஈடாகச் செல்வதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். அங்கிருந்து தொடர்ந்து நோக்கலாம் என்பதை 1966-இல் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-1 மெய்ப்பித்தது.

இந்தியாவுக்காக அமெரிக்காவில் செய்யப்பட்ட இன்சாட்-1 கோள்களில், தொலைத்தொடர்புக் கருவிகளோடு ஒரு கதிர்வீச்சுமானியும் இருந்தது. அதன் ஆடி அசைந்து அசைந்து பூமியை வரிவரியாகத் துழாவும். பகலில் மேகம் எதிரொளிக்கும் ஒளியைப் பதியும்; அகச்சிவப்புக் கதிரால் இரவிலும் அதன் வெப்பநிலையை அறியும். உயர்ந்த மேகத்தின் உச்சி மிகக் குளிர்ந்திருக்கும் அல்லவா? புயலின் வலிமையை மதிப்பிட அது உதவும்.

வெப்பத்தை நுட்பமாக உணரும் உறுப்பு, தான் சூடாக இருத்தல் கூடாது. அதற்குச் சுழிக்குக் கீழ் 160 டிகிரிக்கும் மேற்பட்ட குளிர் தேவை. எனவே குளிர்விப்பான் ஒரு பக்கத்தில் வெட்டவெளியை நோக்கியிருக்க, சூரியத் தகடுகள் மறுபக்கத்தில் மட்டும் வைக்கப்பட்டன. ஒற்றைச் சிறகைச் சூரிய ஒளியின் அழுத்தம் தள்ளுமே! அதை ஈடுசெய்ய எதிர்ப்பக்கத்தில் நீண்ட தண்டின் நுனியில் ஒரு பாய் பொருத்தப்பட்டது.

1982 ஏப்ரலில் ஏவப்பட்ட இன்சாட்-1ஏ-யில் அந்தப் பாய் விரியவில்லை. நிலை திருத்தும் எரிபொருளும் தீரவே, செப்டம்பரில் கோள் கைவிடப்பட்டது. 1983 ஆகஸ்டில் சென்ற இன்சாட்-1பி-யிலும் சூரியத் தகடு முதலில் சிக்கிக்கொண்டது, பெரும்பாடுபட்டு விரித்தனர். கிழக்குத் தீர்க்கரேகை 74 டிகிரியில், பேகம்பூருக்கு ஏறத்தாழ உச்சியில் அது நிலைகொண்டது. ஒளிப்படத்தில் 2.75 கி.மீ., அகச்சிவப்பில் 11 கி.மீ. அளவுள்ள மேகங்களை அது பிரித்துக் காட்டியது. 1992-இல் ஏவப்பட்ட இன்சாட்-2ஏ-யின் கருவி இந்தியாவிலேயே உருவானது. அதில் இவ்வளவுகள் 2, 8 கி.மீ. எனச் சுருங்கின.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் திண்டுக்கல் மாவட்டத்தையும் தாக்கியது. அப்போது இன்சாட்-3டி, 3டிஆர் ஆகிய இரண்டும் சேர்ந்து கால்மணிக்கு ஒரு படம் அளித்தன. கரையோரத்தில் பல்லாயிரம் பேர் முன்னரே முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். புயலைத் தடுக்க எந்தக் கருவியாலும் இயலாது. அது வருமுன் விலகி நிற்க நமக்கு நேரம் தருவதே இந்தக் கண்ணின் பயன்.