சிற்றில் முதல் அங்கன்வாடி வரை: மழலையர் வகுப்பில் கூட்டு வாழ்வும் வெளி விளையாட்டும்

முன்னுரை

தாமிரபரணியின் வடபால் அமைந்த தச்சநல்லூர் இன்று திருநெல்வேலி மாநகராட்சியின் மண்டலங்களுள் ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் காந்திமதியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய அழகிய சொக்கநாதப் பிள்ளையின் ஊரும் அதுவே. குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாக வகுத்துப் பாடிய புலவரின் ஊரை முன்னிறுத்தி, மழலையர் வகுப்பில் விளையாட்டு பெற்ற இடத்தை ஆராய்வது பொருத்தமுடையது. கூடி விளையாடும் வெளியே மழலையர் பள்ளியின் அடிப்படை என்பதை வரலாற்று வழியில் நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

பிள்ளைத்தமிழ் காட்டும் தோழமை

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் காப்பு முதல் அம்புலி வரையிலான ஏழும் இருபாலுக்கும் பொதுவானவை. இவற்றில் குழந்தையைச் சூழ்ந்திருப்போர் பெரும்பாலும் தாயும் செவிலியருமே. இறுதி மூன்று பருவங்களில் சூழல் மாறுகிறது. ஆண்பாற்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பனவும், பெண்பாற்கு அம்மானை, நீராடல், ஊசல் என்பனவும் பெருவழக்கு. மணல், தெரு, ஆறு, சோலை ஆகியவை இவற்றின் களங்கள். சிற்றிற் பருவத்தில் சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்க வரும் சிறுவனிடம், சிதையாதிருக்குமாறு அவர்கள் வேண்டுகின்றனர். பிறர் உழைப்பை மதித்தல், பூசலைச் சொல்லால் தீர்த்தல் ஆகிய சமூகப் பண்புகள் இவ்வேண்டுதலில் அடங்கியுள்ளன.

பிள்ளைத்தமிழின் தலைமக்கள் தெய்வங்களும் சான்றோரும் ஆதலின், அதனை எளிய குழந்தைகளின் வாழ்வுக்கு நேர்ச்சான்றாகக் கொள்ளுதல் இயலாது. எனினும், மூத்தோர் மடியிலிருந்து தோழமைக்கு நகர்வதே வளர்ச்சி என்னும் கருத்து தமிழ் மரபில் வேரூன்றியிருந்தமையை அப்பருவ வைப்புமுறை உணர்த்துகிறது.

முற்றத்தில் பிறந்த பள்ளி

ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரோபெல் 1840இல் தம் நிறுவனத்திற்குக் 'கிண்டர்கார்டன்', அதாவது 'குழந்தைகளின் தோட்டம்', எனப் பெயரிட்டார். குழந்தைகளுக்குத் தனிப் பாத்திகளோடு பொதுப் பாத்திகளையும் அவர் வகுத்தமை, தனிமுயற்சியும் கூட்டு வாழ்வும் இணைய வேண்டும் என்னும் கொள்கையின் வெளிப்பாடு. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி, பின்னர்க் கொடைக்கானலில் தங்கியபோது இயற்கையைக் கூர்ந்து நோக்கும் பயிற்சிக்குச் சிறப்பிடம் தந்தார்.

இந்திய மரபில் திருப்புமுனையை ஏற்படுத்தியவர் தாராபாய் மோடக். 1945இல் மகாராஷ்டிரத்தின் போர்டியில் பணி தொடங்கிய அவர், ஒடுக்கப்பட்ட குடியிருப்புகளின் குழந்தைகள் பள்ளிக்கு வாராத நிலையில், பள்ளியையே அவர்தம் முற்றங்களுக்குக் கொண்டு சென்றார். மராத்தியில் 'அங்கண்' என்பது முற்றம். அதன் அடியாகப் பிறந்ததே 'அங்கன்வாடி'. எனவே இச்சொல்லில் திறந்தவெளியோடு சமத்துவ நோக்கமும் பொதிந்துள்ளது.

உணவும் முற்றமும்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சத்துணவுத் திட்டம் முன்பருவக் குழந்தைகளையும் உள்ளடக்கியது. பசியைப் போக்கியதோடு, பல குடும்பங்களின் குழந்தைகளை ஒரே பந்தியில் அமர்த்தியமை இதன் சமூகப் பயன். 'பாலர்' என்பதற்கு உறவான சொல்லிலிருந்து வந்த 'பால்வாடி'யில் தமிழ்ச்செவி 'பால்' என்னும் உணவையும் கேட்க இடமுண்டு. இப்பெயர்களுள் ஒன்று உணவை நினைவூட்ட, மற்றது முற்றத்தைச் சுட்டுகிறது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டதும், எழுத்தறிவு மூன்றாவது எதிர்பார்ப்பாகச் சேர்ந்தது. உணவின் அளவையும் கற்ற எழுத்தையும் எண்ணிக் கணக்கிடலாம். மணலில் நிகழும் இணக்கம் அவ்வாறு எண்ணத்தக்கதன்று. ஆதலால் இடமும் நேரமும் குறையுமிடத்து, முதலில் இழக்கப்படக்கூடியது விளையாட்டே.

முடிவுரை

தச்சநல்லூர் போன்று நகரோடு இணைந்த ஊர்களில் மனைகள் நெருங்குந்தோறும், உறவு வட்டத்திற்கு அப்பாற்பட்ட குழந்தைகளோடு கூடி விளையாடும் வாய்ப்பு அருகுகிறது. அந்நிலையில் மழலையர் மையத்தின் முற்றம் ஒரு பொதுவெளியாகிறது. சிற்றில் கட்டுவோரும் சிதைக்க வருவோரும் சொல்லால் இணங்கக் கற்கும் இடம் அது. முற்றத்தை இழந்த அங்கன்வாடி தன் பெயரின் பொருளையும், பெயரிட்டோர் கொண்ட சமத்துவ நோக்கத்தின் ஒரு பகுதியையும் இழக்கிறது எனலாம்.