பதினாறில் இருந்து நூறுக்கு

1957 ஏப்ரல் 1 அன்று இந்திய ரூபாய் நூறு நயா பைசாவாகப் பிரிக்கப்பட்டது. அதுவரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. இதற்கான சட்டத் திருத்தம் 1955இலேயே நிறைவேறியிருந்தது. ரூபாயின் மதிப்பில் யாரும் கைவைக்கவில்லை; அதைப் பங்கிடும் முறைதான் மாறியது.

ஸ்ரீவைகுண்டம் போன்ற தாமிரபரணிக் கரை ஊர்களில் பழைய முறை வேரூன்றியிருந்ததற்குக் காரணம் உண்டு. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்தவருக்கு அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாகக் குறைப்பதுதான் கணக்கு. ரூபாயில் மாகாணி பங்கு சரியாக ஓரணா. நூறையோ இரண்டு முறைதான் அப்படிக் குறைக்க முடியும். மூன்றாம் முறை பன்னிரண்டரையில் போய் நிற்கும்.

சிக்கல் சில்லறையில்தான். மாற்றும்போது வரும் பின்னத்தில் அரையும் அதற்குக் குறைந்ததும் தள்ளுபடி, அரைக்கு மேல் போனால் ஒரு நயா பைசா என்பது சட்டம். இதன்படி காலணாவுக்கு 2 நயா பைசா, ஓரணாவுக்கு 6. காலணா வெற்றிலையை நான்கு தடவை வாங்கியவர் 8 கொடுக்க வேண்டும்; ஒரே தடவையில் வாங்கியவருக்கு 6 போதும். இரண்டணாவில் கதை நேர்மாறு: இரு தடவை 12 கொடுத்தால் 24, ஆனால் நாலணா என்றால் 25. இங்கே இழப்பு கடைக்காரருக்கு.

பழைய காசும் புதுக்காசும் சில ஆண்டுகள் சேர்ந்தே புழங்கின. வெண்கல ஒரு நயா பைசாவில் ‘ரூபாயின் நூறில் ஒரு பங்கு’ என்ற விளக்கம் பொறித்திருந்தது, இந்தியில் மட்டும். தமிழ்நாட்டுச் சந்தைகளில் அதனால் பெரிய பயன் இருந்திருக்காது. போதாக்குறைக்கு 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகளும் படிப்படியாக வரத் தொடங்கின. வீசையும் பலமும் அணாவோடு சேர்ந்தே விடைபெற வேண்டியதாயிற்று.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆனால் சிப்பி ஏலம் ரூபாயில் போகும் விவகாரம். அணாக் குழப்பம் அதைப் பெரிதாகத் தொட்டிருக்காது. மேலும், கொழும்போடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த இந்தக் கரைக்கு நூறு பங்கு ரூபாய் அடியோடு புதிதல்ல. இலங்கை 1872இலேயே ரூபாய்க்கு நூறு சதம் என்று மாறிவிட்டது.

1964 ஜூன் 1 முதல் ‘நயா’ கழன்று, வெறும் பைசா ஆனது. 25 பைசா நாலணாவாகவும் 50 பைசா எட்டணாவாகவும் பேச்சில் நீடித்தன. பாதியும் காலும் இரு முறைகளிலும் ஒத்துப்போனதுதான் காரணம். 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30உடன் செல்லாதவையாயின.