தோல், முட்டை, ஆறு: வட ஆற்காட்டிலிருந்து ஒரு வாசிப்பு

பழைய வட ஆற்காடு வரைபடத்தில் வடக்கே பாலாற்றங்கரை டேனரிகள்: ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி. தெற்கே தென்பெண்ணையின் சாத்தனூர் அணையில் வனத்துறை முதலைப் பண்ணை. 1989இல் மாவட்டம் பிரியும்வரை இரண்டும் ஒரே கலெக்டரின் எல்லைக்குள் இருந்தன. ஆம்பூரில் பதனிடுவது ஆட்டுத்தோல், மாட்டுத்தோல்தான், முதலைத்தோல் இல்லை. இருந்தாலும் இரண்டையும் சேர்த்து வாசிக்காமல் இந்த வரலாறு பிடிபடாது என்பது என் கட்சி.

நம் நன்னீர் முதலை அருகிப்போனதில் தோல் வேட்டைக்குப் பெரும் பங்கு. 1972இன் வனவிலங்குச் சட்டம் அதைத் தடுத்தது. 1975இல் மத்திய அரசின் முதலைத் திட்டம். 1976இல் வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேகரும் கூட்டாளிகளும் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணை. வழிமுறை சிக்கலானதல்ல. ஆற்றங்கரைக் குழியிலிருந்து முட்டையை எடுத்து வந்து பொரிக்கவைப்பார்கள். நாரையும் உடும்பும் தின்றுவிடக்கூடிய குஞ்சுப் பருவத்தைத் தொட்டியில் கடத்திவிட்டு, ஓரளவு வளர்ந்தபின் ஆற்றில் விடுவார்கள். முட்டைக்குக் கிடைக்கும் சூடுதான் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. வடநெம்மேலியில் சில முதலைகள் வருஷத்துக்கு இரண்டு தடவை முட்டையிட்டன. ஆயிரக்கணக்கில் பெருகியது.

சரி, எங்கே கொண்டுபோய் விடுவது? அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்ட கதை நம்மிடம் உண்டு. முதலையை மீட்ட கதை கிடையாது. கரையில் துணி துவைக்கிறவளுக்கும் வலை வீசுகிறவனுக்கும் அது பயம்தான். அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்கும் சூழலியல் சொல்லாடலில் எனக்கு உடன்பாடில்லை. பாலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையிட வேண்டிய மணலை லாரிகள் அள்ளிக்கொண்டு போய்விட்டன. மிச்சமிருந்த நீரில் டேனரிக் கழிவு. 1996இல் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்றது. அந்த ஈட்டுக் கணக்கில் நீர்வாழ் உயிர்களைப் பற்றி யாரும் பேசவில்லை என்றே நினைக்கிறேன்.

தொண்ணூறுகளில் முதலைகளை ஆற்றில் விடுவதை மத்திய அரசு நிறுத்தியது. உபரி முதலைகளின் தோலை விற்று அந்த வருமானத்தில் கரையோர மக்களுக்கும் பங்கு தரலாம் என்று விட்டேகர் வாதாடினார். ஜிம்பாப்வேயிலும் பப்புவா நியூ கினியிலும் நடப்பதுதான் அது. இங்கே அனுமதிக்கவில்லை. தோல் ஏற்றுமதிக்குப் பரிசு கொடுக்கும் அரசுக்கு இந்த ஒரு தோல் மட்டும் எப்படித் தீட்டாயிற்று?

இருளர்கள் விஷயம் வேறு. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைப்பட்டபோது பிழைப்பு போனது அவர்களுக்குத்தான். 1978இல் அவர்களின் கூட்டுறவுச் சங்கம் வந்தது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, பிடித்த காட்டிலேயே திரும்ப விட்டார்கள். உயிரோடு திருப்பி விடும் வேலை அங்கே கூலியும் தந்தது. முதலைக்கு அப்படியொரு ஏற்பாடு அமையவில்லை. வடநெம்மேலியிலிருந்து ஆயிரம் முதலைகளை ஜாம்நகரின் தனியார் மையத்துக்கு அனுப்புவதை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் தள்ளுபடி செய்தது.