கடாரத்தின் வழிகாட்டி மலை
ஜெராயும் அதன் அடிவாரத்தில் குடியேறியோரும்

சிடாம் கிரி என்னும் ஊர்ப்பெயரைக் கேட்கும் தமிழர், அங்கே ஒரு மலை இருக்க வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இந்தக் ‘கிரி’ மலையைக் குறிக்கும் வடசொல் அன்று; ‘இடப்பக்கம்’ என்று பொருள்படும் மலாய்ச் சொல். ‘வலப்பக்கம்’ எனப் பொருள்படும் சொல்லைக் கொண்ட சிடாம் கானான் கூலிம் மாவட்டத்தைச் சேர்ந்தது. சிடாம் கிரி கோல மூடா மாவட்டத்தைச் சேர்ந்தது. எனினும், பெயரில் இல்லாத மலை கண்ணுக்குத் தப்புவதில்லை. வானம் தெளிந்த காலைப் பொழுதில் வடமேற்கே சமவெளியின் மேல் தனித்து எழுந்து நிற்கும் நீலநிற மலைதான் குனோங் ஜெராய். ஆங்கிலேயர் இதனைக் கெடாச் சிகரம் என்று அழைத்தனர்.

இதன் உயரம் 1,217 மீட்டர். தீபகற்பத்தின் நடுவே ஓடும் பெருமலைத் தொடரோடு ஒப்பிட்டால் இது பெரிய உயரம் அன்று. ஆயினும் சுற்றிலும் வேறு பெரிய மலை இல்லாமையாலும், கடலோரத்திலேயே அமைந்திருப்பதாலும், வானம் தெளிவாக உள்ள நாளில் நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கப்பலிலிருந்தும் இதன் உச்சியைக் காண இயலும். திசைகாட்டும் கருவி இல்லாத காலத்து மாலுமிக்கு இதைவிடச் சிறந்த கலங்கரை விளக்கம் எது?

மலை பிறந்த கதை

ஜெராய் ஏன் தனித்து நிற்கிறது என்ற கேள்விக்கு விடை அதன் கல்லில் இருக்கிறது. ஏறத்தாழ ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன், கேம்பிரியன் எனப்படும் ஊழியில், இங்குக் கடலோரத்தில் படிந்த மணலும் சேறும் இறுகிப் பாறையாயின. லங்காவித் தீவின் மாச்சிஞ்சாங் மலைப் பாறைகளும் இக்காலத்தனவே. தீபகற்ப மலேசியாவில் இவற்றினும் பழைமையான பாறைகளைக் காண்பது அரிது. பின்னொரு காலத்தில் பூமியின் ஆழத்திலிருந்து கொதிநிலைக் குழம்பு மேலெழுந்து, இப்பாறைகளுக்குள் புகுந்து, ஆறிக் கருங்கல்லாயிற்று. அதன் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மணற்கல் உருமாறிப் படிகக்கல் ஆனது. சேற்றுப்பாறை தகடு தகடாகப் பிரியும் கல்லாக மாறியது.

படிகக்கல் மழைக்கும் வெயிலுக்கும் எளிதில் இளகாதது. சுற்றியிருந்த மென்மையான பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்து தாழ்ந்தன. கடினமான கல் மட்டும் நிலைத்தது. ஆகவே ஜெராய், எரிமலையைப் போலப் பொங்கி எழுந்த மலை அன்று. சுற்றியுள்ளவை தேய்ந்தபின் தேயாமல் எஞ்சிய மலை.

கருங்கற் குழம்பு வெறுங்கையோடு வரவில்லை. அதனோடு இரும்பும் வெள்ளீயமும் பிற அரிய கனிமங்களும் வந்து மலையின் சரிவுகளில் தங்கின. இரும்புச் சத்து மிகுந்த செம்புறாங்கல்லும் அடிவாரத்தில் ஏராளம். பிற்காலத்து வரலாறு முழுவதும் இக்கல்லோடும் மண்ணோடும் பிணைந்தது.

தீவாக இருந்த மலை

கெடாவின் பழைய மலாய் வரலாற்றுக் கதையான ‘ஹிக்காயாட் மெரோங் மகாவங்சா’, ஜெராய் முற்காலத்தில் ஒரு தீவாக இருந்ததென்றும், பின்னர் நிலத்தோடு சேர்ந்ததென்றும் கூறுகிறது. கருடனும் அரக்கரும் வரும் நூல் அது. ஆதலால் இச்செய்தியையும் கற்பனை என்று தள்ளியோர் உண்டு. ஆனால் நிலநூலார் ஆராய்ந்தபோது கதைக்குள் உண்மை இருப்பது தெரிந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்பகுதிக் கடல்மட்டம் இன்றுள்ளதைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது. அப்போது இன்றைய நெல்வயல்களில் பெரும்பகுதி நீருக்குள் கிடந்தது. பின்னர்க் கடல் தாழ்ந்தது. மூடா, மெர்போக் முதலிய ஆறுகள் கொண்டுவந்த வண்டல் கரையை மேற்கே தள்ளியது. மலையின் தென்புறத்தில், இன்று கடலிலிருந்து உள்வாங்கி நிற்கும் சுங்கை பத்து போன்ற இடங்களில் படகுத்துறைகளின் எச்சங்கள் காணப்படுவதன் காரணம் இதுவே.

முதலில் வந்தோர்

இலங்கையின் தென்முனையும் ஜெராயும் ஏறத்தாழ ஒரே அட்சக்கோட்டில் உள்ளன. இலங்கையைக் கடந்து, தென்மேற்குப் பருவக் காற்றில் நேர் கிழக்கே பாய்விரித்த கப்பல், நிக்கோபாருக்கும் சுமத்திராவுக்கும் இடையே நுழைந்தால், எதிரே காண்பது இம்மலையைத்தான். ஆறுகளில் குடிநீர், கரையில் காடுபடு பொருள்கள், அடிவாரத்தில் இரும்பு, காற்றுத் திசை மாறும் வரை தங்குவதற்கு அமைதியான கழிமுகம் ஆகிய நான்கும் ஒருங்கே கிடைத்த இடத்தில் ஒரு துறைமுகம் தோன்றியதில் வியப்பில்லை.

1834-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, மூடா ஆற்றுக்குத் தெற்கே செபராங் பிறையில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். தென்னிந்திய எழுத்து வகையில், வடமொழியில் பொறிக்கப்பட்ட அக்கல், ‘செம்மண் நாடு’ என்று பொருள்படும் ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன் என்னும் பெருமாலுமியைக் குறிப்பிடுகிறது. இது ஐந்தாம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பது அறிஞர் கருத்து. ஆக, இம்மலையருகே பெயரோடு அறியப்படும் மிகப் பழைய மனிதருள் ஒருவர் மன்னர் அல்லர், மாலுமி.

மலையின் தென்புறத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் குவாரிட்ச் வேல்ஸ் 1930-களின் பிற்பகுதியில் அகழ்ந்து, கோயில் அடித்தளங்கள் பலவற்றை வெளிக்கொணர்ந்தார். சில பௌத்தம் சார்ந்தவை. சில சைவம் சார்ந்தவை. செங்கல், செம்புறாங்கல், ஆற்றுக் கூழாங்கல், கருங்கல் என மலை எதைக் கொடுத்ததோ அதைக் கொண்டே அவை கட்டப்பட்டன. அவற்றுள் சிறந்த புக்கிட் பத்து பகாட் கோயிலை 1960-ஆம் ஆண்டளவில் அலஸ்டர் லாம்ப் என்பவர் சீரமைத்து நிறுத்தினார். கருவறையும் அதன் முன் தூண்மண்டபமும் கொண்ட அதன் அமைப்பு தமிழகத்துக் கோயிலை நினைவூட்டினும், அது அச்சில் வார்த்த படி அன்று. உள்ளூர்க் கைகளும் உள்ளூர் வழக்கமும் கலந்த கட்டடம்.

2009-ஆம் ஆண்டு முதல் சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழ்வில் இரும்பு உருக்கும் உலைகளும், காற்றூதும் மண்குழாய்களும், கசடுகளும் பெருந்திரளாகக் கிடைத்தன. இத்தொழில் எப்போது தொடங்கியது என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுகின்றனர். ஆயினும் வணிகர் வந்தபோது இங்கே இரும்பு உருக்கும் மக்கள் இருந்தனர் என்பது தெளிவு. வெற்று நிலத்துக்கு எவரும் வரவில்லை.

பட்டினப்பாலையில் வரும் காழகம் என்னும் பெயருக்குக் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை கண்டார். கடாரம் கெடாவே என்பது பெரும்பாலான ஆராய்ச்சியாளர் முடிவு. 1006-ஆம் ஆண்டளவில் கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எடுத்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். இருபது ஆண்டுகள் கழியுமுன், 1025-இல், அவன் மகன் இராசேந்திரனின் கடற்படை அதே கடாரத்தைத் தாக்கியது. பின்னர் வீரராசேந்திரன் கடாரத்தை வென்று அதன் மன்னனுக்கே திருப்பித் தந்ததாக அவன் கல்வெட்டுக் கூறுகிறது. இவ்வளவையும் ஒருங்கே நோக்கினால், நெடுநாள் நீடித்தது ஆட்சி அன்று, வாணிகமே என்பது புலனாகும். படை ஒரு பருவக் காற்றில் வந்து மற்றொன்றில் திரும்பியது. வணிகரின் போக்குவரத்தோ நூற்றாண்டுக் கணக்கில் நின்றது.

இரண்டாம் முறை வந்தோர்

கழிமுகங்கள் தூர்ந்தன, வாணிகம் மலாக்காவுக்கும், பின்னர்ப் பினாங்குக்கும் சென்றது. மலையடிவாரத்துக் கோயில்களைக் காடு மூடியது. மலை மட்டும் வழிகாட்டுவதை விடவில்லை. 1885-இல் கெடாவின் முதலமைச்சர் வான் முகமது சமான் அலோர் ஸ்டாரிலிருந்து ஒரு நீண்ட வாய்க்காலை வெட்டத் தொடங்கியபோது, அது ஜெராயின் அடிவாரத்துக் குருணை நோக்கியே சென்றது. சதுப்பு நிலம் நெல்வயலானது. மலையின் வடக்கே வண்டல் மண் மலாய் உழவரின் நெல்லுக்கு உரியதாயிற்று. தெற்கே, நீர் தேங்காத செம்மண் மேடுகள் வேறொரு பயிருக்காகக் காத்திருந்தன.

1909-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்தது. அடுத்த ஆண்டு உலகச் சந்தையில் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. 1915-இல் இரயில் பாதை அலோர் ஸ்டாரை எட்டியது. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், சிடாம் ஆகிய வட்டாரங்களில் காடுகள் தோட்டங்களாயின. அவற்றை அழித்துப் பால்மரம் நட்டவருள் பெரும்பாலோர் தமிழர். கங்காணியின் சொல்லை நம்பி நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் நாள்களைக் கழித்து, இரயிலிலும் மாட்டுவண்டியிலும் உள்ளே சென்றவர்கள். சூடாமணி விகாரம் நின்ற அதே நாகப்பட்டினத்திலிருந்து, கடாரத்து அதே மலையை நோக்கி, ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் மீண்டும் கப்பல்கள் சென்றன. ஆனால் இம்முறை சென்றவரிடம் விற்கச் சரக்கு இல்லை. தங்கள் உழைப்பே சரக்கு.

காட்டை வெட்டியவரைக் காடு சும்மா விடவில்லை. மலையடிவாரத்து ஓடைகளின் மேலிருந்த மரநிழல் நீங்கியதும், வெயில் படும் தெளிந்த நீரில் பெருகும் ஒருவகை அனோபிலிஸ் கொசு மலேரியாவைப் பரப்பியது. சதுப்பைக் காட்டிலும் மேட்டு நிலத்தை வெட்டுவதே கொடியது என்ற இவ்வுண்மையை மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் சிலாங்கூர்த் தோட்டங்களில் கண்டறிந்தார். நிலத்தடி வடிகாலும், ஓடையில் எண்ணெய் தெளித்தலும் பரவுமுன் மாண்டோர் பலர்.

1941 டிசம்பரில் போர் வந்தபோதும் மலை தன் பங்கைச் செலுத்தியது. ஜெராய்க்கும் கிழக்குக் காடுகளுக்கும் இடையிலுள்ள குறுகிய வழியில்தான் நெடுஞ்சாலையும் இரயில் பாதையும் செல்கின்றன. ஜித்ராவில் தோற்ற பிரிட்டிஷ் படை குருணில் நிற்க முயன்று அங்கும் முறிந்தது. பின் வந்த ஜப்பானியர், மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழரைச் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். திரும்பாதோர் மிகப் பலர்.

எஞ்சியோர் குனிந்தே இருக்கவில்லை. போருக்குப் பின் கெடாத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படை, தொழிலாளியின் கூலியை விழுங்கிய கள்ளுக்கடைகளை எதிர்த்தது. 1947-இல் பீடோங் வட்டாரத்தில் வேலைநிறுத்தங்களும் காவலரோடு மோதல்களும் நிகழ்ந்தன. பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தில் அச்சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். பிறர் நிலத்தில் காடழித்தவரின் பிள்ளைகள் அந்நிலத்திலேயே பங்குடையவரான நிகழ்ச்சி அது. கடாரத்தை வென்ற செய்தியைக் காட்டிலும் இது சிறிய செய்தி அன்று.

எஞ்சுவது எது?

முதலில் வந்தவர்கள் கல்லில் கட்டினர். ஆதலால் ஆயிரம் ஆண்டு கழிந்தும் அவர்களின் அடித்தளங்கள் அகப்படுகின்றன. இரண்டாம் முறை வந்தவர்கள் நட்டது மரம். ரப்பர் மரத்தின் பயன்காலம் முப்பது ஆண்டுக்குள் முடியும். பிறகு வெட்டி மறுநடவு செய்வார்கள். பின்னர்ச் செம்பனை வந்தது. அதன்பின் வீடமைப்பு வந்தது. லயங்கள் இடிந்தன. தோட்டம் போனபின் ஒரு மாரியம்மன் கோயிலும், ஒரு தமிழ்ப்பள்ளியும், புல் மூடிய ஓர் இடுகாடுமே பல இடங்களில் எஞ்சின.

கல்லும்கூடப் பாதுகாப்பன்று. 2013-ஆம் ஆண்டில் சுங்கை பத்துப் பகுதியில் பதினோராம் எண்ணிட்ட பழங்கோயிலின் அடித்தளம், தனியார் நிலத்தைச் செப்பனிடுகையில் தகர்க்கப்பட்டது. ஆயிரம் ஆண்டு தாங்கிய கற்கட்டு இயந்திரத்தின் முன் சில மணி நேரமும் தாங்கவில்லை. மலையையும் மறந்துவிடுதல் ஆகாது என்பதை 2021 ஆகஸ்டு 18 உணர்த்தியது. அன்று ஜெராயின் மேல் பெய்த பெருமழை பாறைகளையும் மரங்களையும் உருட்டிக்கொண்டு யான் வட்டாரத்தில் பாய்ந்து உயிர்களைப் பலிகொண்டது.

கடாரம் என்ற பெயரைத் தமிழர் பெருமையோடு சொல்வது தவறன்று. ஆனால் அப்பெருமை ஒரு பருவக் காற்றில் வந்து சென்ற படையோடு நின்றுவிடுமாயின் அது குறைவுள்ள வரலாறு. இம்மலையின் கீழ் இரும்பு உருக்கியவரும், நெல் விளைத்த மலாயரும், கூலிம் வட்டாரத்தில் ஈயம் தோண்டிய சீனரும், பால் வெட்டிய தமிழரும் சேர்ந்தே அந்நாட்டை ஆக்கினர். அவர்களுள் கல்வெட்டுப் பெறாதவர் தோட்டத்துத் தமிழர். பழைய செக்ரோல் ஏடுகளும், பள்ளிப் பதிவேடுகளும், இடுகாட்டுக் கற்களும், மூத்தோர் நினைவுமே அவர்களுடைய கல்வெட்டுகள். இவற்றைத் தொகுக்கும் பணிக்கு அகழ்வாராய்ச்சி வேண்டியதில்லை. காலம் தாழ்த்தாமை ஒன்றே வேண்டும். ஜெராய் காத்திருக்கும், அது ஐம்பது கோடி ஆண்டுக் கல். ஏடுகளும் நினைவுகளும் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை.