சந்திரசேகரின் தபால்: ஒரு விஞ்ஞானியின் அன்றாடக் கடிதங்கள்

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1952 முதல் 1971 வரை அமெரிக்காவின் 'அஸ்ட்ரோபிசிக்கல் ஜேர்னல்' சஞ்சிகையின் நிர்வாகப் பத்திராதிபராக இருந்தார். சென்னையில் படித்து வளர்ந்த இந்தத் தமிழர் 1983இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் என்பதும், விண்மீன்களின் இறுதிநிலை பற்றிய 'சந்திரசேகர் எல்லை' அவர் பெயரைத் தாங்கி நிற்பதும் பாடப்புத்தகங்களில் உள்ளவை. அந்தப் பத்தொன்பது வருடங்களும் அவருடைய மேசைக்கு வந்த தபாலைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் பேசுவதில்லை. கட்டுரை கிடைத்தது, மதிப்பீட்டாளருக்கு அனுப்பியிருக்கிறோம், மூன்றாம் பந்தியைத் திருத்துக, பிரசுரிக்க இயலவில்லை: இப்படிப்பட்ட கடிதங்களே அதில் பெரும்பகுதி. இலக்கிய நயம் தேடுவோருக்கு அவற்றில் ஒன்றும் கிடைக்காது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விஞ்ஞானம் எப்படி நடந்தது என்பதை அறிய அவற்றைவிட நல்ல சான்று அரிது.

காலனித்துவ நாடொன்றில் விஞ்ஞானம் படித்த இளைஞனுக்குக் கடிதம் ஒன்றுதான் வெளியுலகுக்கான வழி. கல்முனைக்குத் தெற்கே காரைதீவில் பிறந்த மயில்வாகனம், பிற்காலத்தில் சுவாமி விபுலானந்தர் ஆனவர், இலங்கையில் ஆசிரியராக இருந்துகொண்டே 1920ஐ ஒட்டி இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றார். வினாத்தாள் கப்பலில் வரும். விடைத்தாள் கப்பலில் போகும். பெறுபேறும் கப்பலில்தான் வரவேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகரின் நிலையும் இதற்கு வெகுதூரமில்லை. 1928இல் ஜெர்மன் பௌதிகவியலாளர் ஆர்னல்ட் சொமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, பதினெட்டு வயது மாணவர் அவரைத் தேடிப்போய்ச் சந்தித்தார். தான் படித்த அணுக்கொள்கை பழசாகிவிட்டது என்பது அந்தச் சந்திப்பில்தான் அவருக்குத் தெரியவந்தது. சொமர்ஃபெல்ட் இன்னும் வெளிவராத தமது கட்டுரையின் அச்சுப்படியைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை வைத்துக்கொண்டு எழுதிய கட்டுரையைச் சந்திரசேகர் கேம்பிரிட்ஜில் இருந்த பௌதிகவியலாளர் ரல்ஃப் ஃபௌலருக்குத் தபாலில் அனுப்பினார். முன்பின் அறிமுகமில்லாத ஒரு மாணவனின் கட்டுரையை ஃபௌலர் படித்து, றோயல் சொசைற்றிக்கு முன்வைத்தார். 1929இல் அது அச்சேறியது. மறுவருடம் ஜூலை 31ஆம் திகதி பம்பாயில் கப்பலேறிய சந்திரசேகர் கேம்பிரிட்ஜுக்குப் போனதும் அதே ஃபௌலரின் மாணவராகத்தான்.

கப்பற் பயணத்திலேயே அவர் போட்டுப் பார்த்த கணக்கு, வெண்குள்ள விண்மீன் ஒன்றின் திணிவுக்கு உச்ச எல்லை உண்டு என்று காட்டியது. அந்தக் கணக்கை வைத்து எழுதிய கட்டுரைக்குக் கேம்பிரிட்ஜில் உற்சாகமான வரவேற்பு இல்லை. அதனால் அவர் அதை அத்திலாந்திக்கைக் கடந்து அனுப்பினார். 1931இல் அது வெளிவந்த இடம் அஸ்ட்ரோபிசிக்கல் ஜேர்னல். இருபத்தொரு வருடங்களுக்குப் பிறகு அந்தச் சஞ்சிகையின் நாற்காலியில் அவரே உட்காரப்போகிறார் என்று அப்போது யாரும் எண்ணியிருக்க வழியில்லை.

கடிதத்தின் பலத்தையும் பலவீனத்தையும் அவர் ஒருசேர அறிந்துகொண்டது 1935இல். அவ்வருடம் ஜனவரி 11ஆம் திகதி இலண்டன் றோயல் வானியல் சங்கக் கூட்டத்தில் அவர் தமது முடிவை விளக்கினார். அவரை அடுத்து எழுந்த ஆர்தர் எடிங்டன் அதைச் சபை சிரிக்கும்படி நிராகரித்தார். எடிங்டன் அக்காலத்து வானியலில் எதிர்த்துப் பேச அஞ்சப்பட்ட பெயர். மறுநாளே சந்திரசேகர் கோபன்ஹேகனில் நீல்ஸ் போருடன் பணியாற்றிய நண்பர் லெயோன் ரோசன்ஃபெல்டுக்குக் கடிதம் எழுதினார். எடிங்டன் சொல்வதில் பொருள் ஏதும் தெரியவில்லை என்ற கருத்தில் பதில் வந்தது. விஷயம் பௌதிகவியலாளர் வொல்ஃப்காங் பௌலிவரை போயிற்று; அவரும் சந்திரசேகர் பக்கமே நின்றார். ஆனால் எல்லாம் உறைக்குள் இருந்த ஆதரவு. பெயர் போட்டுப் பகிரங்கமாக ஒரு வரி எழுத இவர்களில் எவரும் முன்வரவில்லை. பௌதிகவியலாளர்கள் டிராக், பையர்ல்ஸ், பிரைஸ் மூவரும் சேர்ந்து எடிங்டனின் வாதத்தை அச்சில் மறுத்தது 1942இல். ஏழு வருடத் தாமதம் சிறியதல்ல.

பௌலியின் கடிதங்கள் அந்தக் காலத்தில் தனி அதிகாரம் படைத்தவை. 1956இல் பௌதிகவியலாளர் அப்துஸ் ஸலாம் நியூத்திரினோ பற்றிய தமது புதிய கருத்தை இடையாள் மூலம் அவருக்கு அனுப்பியபோது, இதைவிட நல்லதாக ஏதும் யோசிக்கச் சொல்லுங்கள் என்ற தொனியில் பதில் வந்தது. சில மாதங்களில் பரிசோதனை முடிவுகள் ஸலாமுக்குச் சாதகமாக வந்தன. பௌலி வருத்தம் தெரிவித்து எழுதினார். தனிக்கடிதம் ஒருவரைக் கைதூக்கிவிடவும் செய்யும், தடுத்து நிறுத்தவும் செய்யும். எதற்கும் பொதுவெளியில் யாரும் பொறுப்பல்ல.

எடிங்டனோடு சந்திரசேகர் கடிதத் தொடர்பை அறுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எடிங்டன் சைக்கிள் பிரியர். தமது சவாரிகளுக்கு அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார்: குறைந்தது ஐம்பது மைல் ஓட்டிய நாட்கள் ஐம்பது இருந்தால் அவருடைய எண் ஐம்பது, ஐம்பத்தொன்றுக்கு ஏற, ஐம்பத்தொரு மைல் ஓட்டிய நாட்கள் ஐம்பத்தொன்று வேண்டும். அந்த எண் எழுபதைத் தாண்டி மெல்ல மெல்ல ஏறுவதை அவர் அமெரிக்காவில் இருந்த சந்திரசேகருக்குக் கடிதத்தில் தெரிவித்தார். பகிரங்கத்தில் ஒரு மனிதனின் ஆய்வை நகைப்புக்கிடமாக்கியவரும், சைக்கிள் கணக்கை அன்போடு எழுதியவரும் ஒருவரே. கூட்ட அறிக்கையை மட்டும் படிப்பவர்களுக்கு இந்த இரண்டாவது எடிங்டன் அகப்படமாட்டார்.

வேறு வகை வேலைகளும் இந்த நட்பு வட்டத்தில் வந்து சேர்ந்தன. 1936இல் சந்திரசேகர் ஊருக்குப் போகும்போது, கணித மேதை இராமானுஜனின் நல்ல படமொன்றைத் தேடித்தரும்படி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி கேட்டார். இராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளிடம் கடவுச்சீட்டுக்காக எடுத்த படம் இருந்தது. இன்று உலகம் முழுவதும் இராமானுஜனுக்கென்று அச்சாகும் முகம் அந்தப் படத்தில் உள்ளதுதான்.

1937இல் அவர் சிக்காகோ பல்கலைக்கழகத்துக்கு அப்போது சொந்தமாயிருந்த யேர்க்ஸ் வானாய்வகத்தில் சேர்ந்தார். சிக்காகோ நகரிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தள்ளி, விஸ்கொன்சினில் ஓர் ஏரிக்கரைக் கிராமத்தில் அது இருந்தது. அங்கேயிருந்து உலகத்தோடு பேசத் தபால்தான் துணை. 1948 முதல் முப்பது வருடங்களுக்கு மேல் அவருக்கு உதவியாக இருந்தவர் அவ்வூர்ப் பெண் டோனா எல்பர்ட். கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்ததோடு, மேசைக் கணிப்பானில் நீண்ட எண்கணக்குகளையும் அவரே போட்டார். பல கட்டுரைகளில் இணையாசிரியராக அவர் பெயர் இருக்கிறது. இருந்தும் அவருடைய பங்கு எவ்வளவு பெரியது என்பதை ஆய்வாளர்கள் எடுத்துப்பேசத் தொடங்கியது அண்மையில்தான். பெரிய விஞ்ஞானிகளின் காகிதக் கட்டுகளில் தட்டச்சு செய்தவரின் பெயர் கடைசியில்தான் கண்ணில் படும்.

1952இல் சஞ்சிகைப் பொறுப்பு வந்தது. அப்போது வருடத்துக்கு ஆறு இதழ், ஏறத்தாழ 950 பக்கம். அலுவலக ஆளணி என்று சொன்னால் பகுதிநேரச் செயலாளர் ஒருவர். கட்டுரை வந்தால் பதியவேண்டும், யார் படிக்கத் தகுந்தவர் என்று தீர்மானிக்கவேண்டும், அவருக்கு எழுதவேண்டும், அறிக்கை வந்ததும் பெயரை மறைத்துக் கட்டுரையாசிரியருக்கு அனுப்பவேண்டும், அவர் கோபித்துக்கொண்டு எழுதும் மறுமொழிக்குப் பதில் எழுதவேண்டும், பிறகு அச்சகம், அச்சுப்படி, பக்கக் கட்டணம். ஒவ்வொன்றுக்கும் காபன் தாள் வைத்து ஒரு பிரதி கோப்பில் போகும். சாதாரணத் தாளில் நகலெடுக்கும் சீரொக்ஸ் இயந்திரம் 1959இல்தான் சந்தைக்கு வந்தது. இத்தனைக்கும் நடுவே அவர் தமது ஆய்வையும், வகுப்புகளையும், 1961இல் வெளிவந்த பாய்ம உறுதிநிலை பற்றிய பெருநூலையும் விட்டுவிடவில்லை. விண்வெளி யுகம் பிறந்ததும் கட்டுரைகள் குவிந்தன. அவர் விலகிய காலத்தில் வருடத்துக்கு 24 இதழ்கள், 12,000க்கு மேற்பட்ட பக்கங்கள். அவசரமான சிறு கண்டுபிடிப்புகளுக்காக 1967இல் 'கடிதங்கள்' என்ற பெயரிலேயே தனிப்பகுதி தொடங்கப்பட்டது. பிரபஞ்சத்தின் பின்னணிக் கதிர்வீச்சைப் பற்றிப் பென்சியாஸும் வில்சனும் எழுதிய சிறு கட்டுரை வெளிவந்ததும் அவர் காலத்தில், 1965இல், அதே சஞ்சிகையில்தான்.

ஒரு பத்திராதிபரின் தரத்தை அவர் ஏற்ற கட்டுரைகளைவிட, தமக்கே பிடிக்காத கட்டுரையை என்ன செய்தார் என்பது நன்றாகக் காட்டும். 1958இல் யூஜின் பார்க்கர், சூரியனிலிருந்து துகள்கள் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கின்றன என்று ஒரு கட்டுரை அனுப்பினார். மதிப்பிட்ட நிபுணர் இருவரும் நிராகரித்தார்கள். சந்திரசேகருக்கும் அந்தக் கருத்து உவப்பாக இல்லை. பார்க்கர் அதே பல்கலைக்கழகத்தவர் என்பதால் இம்முறை கடிதத்துக்குப் பதிலாக அவரே நேரில் போனார்: இரண்டு பெரியவர்கள் தவறென்று சொல்கிறார்கள், நிச்சயமாகப் பிரசுரிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டார். அவர்கள் கணிதத்தில் ஒரு பிழையும் சுட்டவில்லையே என்றார் பார்க்கர். சந்திரசேகர் அதை ஒத்துக்கொண்டு கட்டுரையை வெளியிட்டார். 1962இல் வெள்ளியை நோக்கிச் சென்ற மரினர் 2 விண்கலம் அந்தத் துகள் வீச்சை, அதாவது சூரியக் காற்றை, நேரடியாக அளந்தது.

1935இன் அனுபவமே இந்த முடிவுக்குக் காரணம் என்று அவர் சொன்னதாகக் கொள்ளத் தேவையில்லை. ஆனால் பெயர்பெற்ற ஒருவரின் வெறுப்பு வேறு, காட்டப்பட்ட பிழை வேறு என்ற வேறுபாட்டை அவரைவிடக் கசப்பாகக் கற்றவர் அந்தத் துறையில் அதிகம் பேர் இல்லை. பிடிக்காததையும் அச்சிட்ட அந்த ஒரு தீர்மானம், பத்தொன்பது வருடப் பத்திராதிபர் வேலையில் அவர் செய்த ஆகச்சிறந்த காரியம்.

1971இல் சஞ்சிகை சிக்காகோ பல்கலைக்கழகத்தின் கையிலிருந்து அமெரிக்க வானியல் சங்கத்துக்கு மாறியது. பொறுப்பை ஹெல்மட் ஆப்டிடம் ஒப்படைத்தபோது சஞ்சிகையின் சேமிப்பில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் டொலர் இருந்தது. சந்திரசேகர் 1995 ஆகஸ்ட் 21ஆம் திகதி காலமானார். அவருடைய கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ரீகன்ஸ்டைன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.